கடலூர் கடற்கரை ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை தொடங்கி தெற்கே புதுக்குப்பம், சாமியார்பேட்டை வரைக்கும் உள்ள மீனவ ஊர்களின் பஞ்சாயத்தார், நாட்டார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த பெண். என் அம்மா முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் தெருத்தெருவாக மீன் விற்றவர். உங்களில் பலருக்கு நான் மகள் முறை, சிலருக்குத் தங்கை முறை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் "வெளிநாட்டுல என்ன வேலை பாப்பா, போலீஸா, வக்கீலா?" என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. நாடு விட்டு நாடு நடக்கும் குற்றங்களை, முக்கியமாக ஆள் கடத்தலை, நடக்கும் முன்பே தடுக்க என்ன வழி என்று பார்க்கிற வேலை. பல நாட்டுக் காவல் அதிகாரிகள், தொழிலாளர் துறைக்காரர்கள், தூதரக ஊழியர்கள், பெண்கள் அமைப்புகள் என்று எல்லோரோடும் உட்கார்ந்து, ஒருவர் எந்த இடத்தில் மாட்டினார், அந்த இடத்தில் யார் குறுக்கே நின்றிருந்தால் தப்பித்திருப்பார் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் பெண்ணுக்கு என்ன நடக்கிறது, ஆணுக்கு என்ன நடக்கிறது என்று தனித்தனியாகக் கேட்பது என் பங்கு.

இப்படிக் கேட்பது எதற்கு என்றால், உலகத்தில் கொலையாகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் ஆண்கள். பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, தெருவிலும் தகராறிலும் சாகிறார்கள். பெண்களோ வீட்டுக்குள் சாகிறார்கள். 2023-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவனாலோ காதலனாலோ சொந்தக் குடும்பத்தாராலோ கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு சொல்கிறது. நாளுக்கு 140 பேர். தெருவில் ரோந்து போகிற போலீஸ் ஓர் ஆணைக் காப்பாற்றலாம். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அந்த ரோந்தால் என்ன பயன்? ஆபத்து வேறு என்றால் காவலும் வேறாக இருக்க வேண்டும். பாலினப் பார்வை என்று நாங்கள் சொல்வது இவ்வளவுதான்.

ஆள் கடத்தல் வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால் முதல் கட்டம் பிறந்த ஊரில், வீட்டு வாசலில் இருக்கிறது. விமான நிலையம் எல்லாம் அப்புறம். நம் கரையில் அந்த வாசல் உங்கள் பொறுப்பு. ஆகவே மந்திரிக்கும் ஆட்சியருக்கும் முன்னால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆள் தெரியக்கூடாது என்பதால் ஊரையும் சில விவரங்களையும் விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். குழுக் கடன் ஒரு பக்கம், அதை அடைக்க வாங்கிய மீட்டர் வட்டி இன்னொரு பக்கம். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் ஆரம்பித்ததும் 61 நாளைக்குத் துறைமுகத்தில் பெரிய போட்டு மீன் கிடையாது. கூடை காலி. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தவள் வெளியாள் இல்லை, தூரத்துச் சொந்தம். தானும் வளைகுடாவில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவள். "சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் அவங்களே தருவாங்க, சம்பளத்த அப்படியே ஊருக்கு அனுப்பிடலாம்" என்றாள். அக்கா தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டினார். கையில் வந்தது டூரிஸ்ட் விசா. இறங்கிய நாடு ஒன்று, வேலைக்கு விட்ட வீடு இன்னொரு நாட்டில். முதல் நாளே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவைதான் போன், அதுவும் எஜமானி பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில். "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்வாராம். பேசிய சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. கேட்டால், "உனக்காக ஏஜென்டுக்குக் கொடுத்தது முதலில் கழியட்டும்" என்றார்கள். வெளியே ஓடவும் முடியாது. அங்கே பெரும்பாலும் வேலைக்காரரின் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அவரை விட்டு ஓடினால், அடைத்து வைத்தவரை விட்டுவிட்டு ஓடியவரைத்தான் பிடிப்பார்கள்.

எப்படியோ திரும்பி வந்தார். விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருக்க, அக்கா தெருவோரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்காகப் பேசியது அவருடைய தம்பி. தம்பிக்குப் பாதி விஷயம் தெரியாது. தெரிந்ததிலும் பாதியை அத்தனை ஆண்கள் முன்னால் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் ஒருவர், "விருப்பப்பட்டுத்தானே போச்சு? அங்க என்னென்ன நடந்துச்சோ, அதெல்லாம் எதுக்கு இப்ப கிளறணும்?" என்று கேட்டார். அந்தப் பெண் ஏஜென்ட் பாதிப் பணத்தைத் தவணையில் திருப்பித் தரவேண்டும், போலீஸுக்குப் போகக்கூடாது, ஊர்ப் பெயர் கெடக்கூடாது என்று தீர்ப்பானது. இரண்டு தவணை வந்தது. மறுவருடத் தடைக்காலத்தில் அதே ஏஜென்ட் பக்கத்து ஊரில் ஆள் பிடித்தாள்.

பெரியவர்களே, அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று அலை வாங்கிப் போன உடல்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்ததிலிருந்து, பால் பவுடரும் தார்ப்பாயும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த வரைக்கும் ஊர்ப் பஞ்சாயத்து நின்ற நிலையை நான் கண்ணால் பார்த்தவள். கடலில் இரண்டு படகு உரசிக்கொண்டால் அன்று சாயங்காலமே கூடிப் பேசித் தீர்க்கிறீர்கள். எந்த வலை போடலாம், எது கூடாது என்று நீங்கள் சொன்னால் ஊர் கேட்கிறது. ஒரு சேதி தாழங்குடாவில் கிளம்பினால் இருட்டுவதற்குள் சாமியார்பேட்டைக்குப் போய்விடுகிறது. இப்படி ஓர் அமைப்பு கிடைக்காதா என்று பல நாட்டில் கோடி கோடியாகச் செலவு செய்து தேடுகிறார்கள். குற்றத் தடுப்புக்கு ஐ.நா. 2002-இல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், அந்தந்தச் சமூகம் பங்கெடுக்காமல் தடுப்பு நடக்காது என்கின்றன. ஆண், பெண் இருவரின் வேறுபட்ட தேவையையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. முதலாவது நம்மிடம் இருக்கிறது. இரண்டாவதைத்தான் உங்களிடம் கேட்டு வந்திருக்கிறேன்.

"விருப்பப்பட்டுத்தானே போச்சு" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏறக்குறைய எல்லா வழக்கும் இந்த ஒரு வாசகத்தில்தான் செத்துப்போகிறது. 2000-ஆம் ஆண்டு ஐ.நா. நிறைவேற்றிய ஆள் கடத்தல் தடுப்பு நெறிமுறைக்கு இத்தாலியின் பலெர்மோ நகரத்தின் பெயர். இந்தியா 2011-இல் அதை ஏற்று உறுதி செய்தது. அதன்படி மூன்று விஷயம் சேர்ந்தால் ஆள் கடத்தல். ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது அல்லது அடைத்து வைப்பது ஒன்று. அதற்குப் பொய், மிரட்டல், பலவந்தம், கையறு நிலையைப் பயன்படுத்துவது போன்ற வழிகளைக் கையாள்வது இன்னொன்று. சுரண்டுவதற்காகச் செய்வது மூன்றாவது. ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை. நம் நாட்டுச் சட்டத்திலும் அப்படியே. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குறைந்தது ஏழு வருடம் சிறை. ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கடத்தியிருந்தால் குறைந்தது பத்து வருடம். பஞ்சாயத்தில் தவணை பேசித் தீர்க்கிற குற்றம் இல்லை இது.

ஆள் பிடித்தவளும் பெண்தானே என்பீர்கள். ஆமாம். மற்ற குற்றங்களைவிட ஆள் கடத்தலில் தண்டனை பெறும் பெண்களின் விகிதம் உலகம் முழுக்கவே அதிகம். பெண்ணை நம்ப வைக்கப் பெண்ணைத்தான் அனுப்புவார்கள். அதிலும் ஒருகாலத்தில் தானே ஏமாந்தவள் என்றால், அவள் கடனைக் காட்டி அவளையே அடுத்த ஆளைப் பிடிக்க வைப்பார்கள். நம் மாவட்டத்திலேயே 2014-இல் திட்டக்குடிப் பள்ளிச் சிறுமிகள் இருவருக்கு நடந்த கொடுமை உங்களுக்கு நினைவிருக்கும். 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மேலே இருக்கும் பெரிய ஏஜென்டைப் பிடிக்க வேண்டுமானால் போலீஸ் விசாரணை வேண்டும். போன் பதிவு, வங்கிக் கணக்கு, விமான டிக்கெட் எடுத்தது யார் என்று தோண்ட வேண்டும். பஞ்சாயத்தில் சமரசம் ஆகிவிட்டால் இந்தக் கண்ணி எல்லாமே அறுந்துபோகிறது.

சரி, அப்படியானால் பெண்களை வெளிநாட்டுக்கே அனுப்பாமல் தடுத்துவிடலாமா? சில ஊர்களில் அப்படியொரு பேச்சு ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். நல்லெண்ணத்தில் போட்ட தடை பெண்களை எங்கே தள்ளுகிறது என்பதை நான் என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நேபாள அரசு வளைகுடா வீட்டு வேலைக்குப் பெண்கள் போகக்கூடாது என்று பலமுறை தடை போட்டது. பெண்கள் போவது நிற்கவில்லை. இந்தியா வழியாகச் சுற்றிப் போனார்கள். எந்தப் பதிவிலும் பெயர் இல்லாததால், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே சொந்த நாட்டுத் தூதரகத்துக்குத் தெரியாமல் போனது. நம் நாட்டு விதிப்படி, பத்தாம் வகுப்பு தேறாத பெண் 30 வயது ஆகாமல் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கிடையாது. 2016 முதல் அப்படிப்பட்ட பெண்கள் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே போக முடியும். தமிழ்நாட்டில் 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று. விதி இருக்கிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் பெயர்கூட நம் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. ஏஜென்ட் பெயர் தெரியும். 27 வயதுப் பெண்ணுக்கு நேர்வழி மூடியிருந்தால், டூரிஸ்ட் விசாவோடு ஒருத்தி வாசலில் நிற்கிறாள். கடன்காரனும் அதே வாசலில்தான் நிற்கிறான்.

அதனால் நீங்கள் மனசில் வைக்க வேண்டிய விவரம் இது: பத்தாவது தேறாத பெண்ணுக்கு வளைகுடாவில் வீட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று எந்தத் தனியார் ஏஜென்ட் வந்தாலும், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், அது சட்டத்துக்குப் புறம்பானது. டூரிஸ்ட் விசாவில் வேலை என்றால் யாருக்குமே கூடாது. ஆண்களை அனுப்புகிற ஏஜென்டும் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். இ-மைகிரேட் என்ற மத்திய அரசு இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று நம் பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் ஊர்க்கூட்டத்தில் ரசீது கேளுங்கள். பதில் சொல்லாமல் நழுவினால் அன்றைக்கே ஊருக்கு அறிவித்துவிடுங்கள்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை விட்டால் இந்த மடல் பாதி மடல். 2020-இல் உலகம் முழுக்கக் கண்டறியப்பட்ட ஆள் கடத்தல் பாதிப்பாளர்களில் 42 சதவீதம் பெண்கள், 18 சதவீதம் சிறுமிகள் என்று வியன்னாவில் இருக்கும் ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் சொல்கிறது. மீதி 40 சதவீதம் ஆண்களும் சிறுவர்களும்தான். 2022-க்குப் பிறகு கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கம் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப் போய்ப் படித்த தமிழ்ப் பையன்களை அடைத்து வைத்த சேதியைப் படித்திருப்பீர்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, முள்வேலி போட்ட கட்டடத்துக்குள் உட்காரவைத்து, இணையத்தில் பெண் பெயரில் பழகி வெளிநாட்டுக்காரர்களிடம் பணம் பறிக்கச் சொல்வார்கள். மறுத்தால் அடி, மின்சார ஷாக். திரும்பி வந்த பையன்கள் வாயைத் திறப்பதில்லை. ஆம்பளை ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம், நம்மையே குற்றவாளி ஆக்கிவிடுவார்களோ என்ற பயம். பெண்ணை மானத்தின் பேரிலும் ஆணை ஆண்மையின் பேரிலும் வாயடைக்கிறோம். இரண்டு பக்கமும் லாபம் ஏஜென்டுக்குத்தான்.

இப்போது நான் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வழக்கு கூட்டத்துக்கு வரும்போது பெண்கள் உள்ளே உட்கார வேண்டும். பார்வையாளராக இல்லை, பேசித் தீர்மானம் செய்கிறவர்களாக.

இது வழக்கத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். நம் ஊர்க் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு; அவர் வரி கட்டுகிறார், கூட்டத்துக்கு வருகிறார், பங்கு வாங்குகிறார். புருஷன் இல்லாத வீடு கணக்கில் பாதி இருக்கும், அல்லது இருக்காது. சுனாமி நிவாரணம் வந்தபோது ஊர் கொடுத்த பட்டியலில் பெயர் இல்லாமல் சில விதவைகள் அலைந்ததை நம் அம்மாக்கள் இன்னும் மறக்கவில்லை. கணக்கில் இல்லாத அந்த வீடுகளைத்தான் ஏஜென்ட் முதலில் தட்டுகிறார். எந்த வீட்டில் வரும்படி நின்றது, எந்தப் பெண் யாரிடம் வட்டிக்கு வாங்கினாள், எவள் திடீரென்று பாஸ்போர்ட் எடுக்கிறாள் என்பதெல்லாம் ஏலக்கூடத்திலும் மினி பஸ்ஸிலும் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பத்து நாள் முன்னாலேயே தெரியும். உங்களுக்குத் தெரிய வரும்போது அவள் விமானம் ஏறியிருப்பாள். தடுப்பு வேலையில் பத்து நாள் என்பது மிகப் பெரிய அவகாசம். அரசு நடத்தும் உள்ளாட்சித் தேர்தலில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆகி, நம் பெண்கள் ஊராட்சித் தலைவராகவே இருந்துவிட்டார்கள். அதே பெண் கோயில் மண்டபத்துக்கு வெளியே நிற்பது எப்படிச் சரியாகும்?

ஊருக்கு இரண்டு மூன்று பெண்களையாவது ஊரே தேர்ந்தெடுக்கட்டும். அதில் ஒருவர் கட்டாயம் மீன் விற்கிறவராக இருக்கட்டும். வேலைக்குப் போய்த் திரும்பியவர் இருந்தால் இன்னும் நல்லது. வெளிநாடு போகிறவர், ஆணோ பெண்ணோ, பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து, முதலாளி விலாசம், போன் நம்பரோடு அந்தப் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். பாஸ்போர்ட் நகல் ஒன்று ஊரில் இருந்தால் தூதரகம் ஆளைத் தேடுவது எவ்வளவு சுலபம் என்று நான் எழுத்தில் விளக்க முடியாது. வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் எஜமானி நிற்கிறாள் என்பதைத் தெரிவிக்க, போவதற்கு முன்பே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு ஆயாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஆபத்து என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தச் சொல் காதில் விழுந்த உடனே என்ன செய்வது என்று ஊரில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கான மத்திய அரசின் இலவச உதவி எண் 1800 11 3090. பெண்களுக்கு 181. இந்த இரண்டு எண்ணையும் ஏலக்கூடத்துச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். நோட்டீஸ் உப்புக்காற்றில் நிற்காது.

திரும்பி வந்தவரிடம் "அங்க என்ன நடந்துச்சு" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். ஊர் தேர்ந்தெடுத்த அந்தப் பெண்களில் ஒருவர் அவரிடம் தனியாகப் பேசட்டும், திரும்பி வந்தவர் விருப்பப்பட்டதைச் சொல்லட்டும். பிறகு புகார் கொடுக்கக் கூடப் போங்கள். சம்பவம் எங்கே நடந்தது என்று காரணம் சொல்லிக் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பக்கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று இப்போதைய சட்டமே சொல்கிறது. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்ட எவருக்கும், வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். ஒரு பெண் தனியாக அந்தப் படி ஏறுவதும், ஊர்ப் பஞ்சாயத்தார் இரண்டு பேர் கூட வர ஏறுவதும் ஒன்றில்லை. காவல் நிலையத்தில் உட்கார நாற்காலி போடுவார்களா என்பதிலிருந்தே வித்தியாசம் தெரியும். இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்ற கவலைக்கு ஒன்று சொல்கிறேன். நான் போகிற கூட்டங்களில் ஓர் ஊரின் பெயர் அடிபடுகிறது என்றால், அது பெரும்பாலும் ஆட்களைப் பிடிப்பதற்குச் சுலபமான இடம் என்றுதான். புகார் வரும் ஊருக்கு ஏஜென்ட் திரும்ப வருவதில்லை. கடலூர்க் கரையைப் பற்றி அவர்களுக்குள் அப்படியொரு பேச்சு பரவ வேண்டும் என்பது என் ஆசை.

மாசி மகத்துக்கு ஊரில் இருப்பேன். தீர்த்தவாரிக்கு எல்லா ஊர்க்காரர்களும் தேவனாம்பட்டினம் வருவீர்கள், அதற்கு மறுநாள் ஒரு கூட்டம் வையுங்கள். நான் படிவ மாதிரிகளும், பதிவு பெற்ற ஏஜென்ட்டை எப்படிச் சரிபார்ப்பது என்று காட்டுவதற்கு ஒரு லேப்டாப்பும் கொண்டு வருகிறேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வக்கீலையும் கேட்டு வைக்கிறேன். எந்த ஊர், எந்த இடம் என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள். நேரம் மட்டும், மீன் விற்கப் போன பெண்கள் வீடு திரும்பி, சோறாக்கி முடித்த பிறகாக இருக்கட்டும்.

அன்போடும் மரியாதையோடும்,
உங்கள் கரையின் மகள்